இந்தியச் சாமானா, ஜப்பான் சாமானா? ஏ35 வீதியில் ஓட எந்தப் பழைய கார்?

குமுழமுனைக் காற்று

விசுவமடுவில் இருந்து முள்ளியவளைப் பக்கம் ஒரு பாடசாலைக்குத் தினமும் போய்வருகிறேன். இதுவரை ஸ்கூட்டி. மாரியில் நனைந்து, கோடையில் புழுதி குடித்து அலுத்துவிட்டது. பழைய கார் ஒன்று வாங்கக் காசு சேர்த்திருக்கிறேன். இரண்டு சுசுகி கார்களைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 2015 வாகன் ஆர், ஜப்பானில் செய்தது. மற்றது அதே வருடத்து அல்டோ 800, இந்தியாவில் செய்தது, முதல் சொந்தக்காரரிடமே இருக்கிறது, விலையும் குறைவு. மாமா கேட்டதும் பிடித்துக்கொண்டார். "இந்தியச் சாமான் பூட்டின காரை வாங்கினால் மாதம் ஒருதரம் கராஜில்தான் நிற்பாய்" என்கிறார்.

எனக்கு ஓட்டத் தெரியும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. சாமான் எந்த நாட்டில் செய்தது என்பது உண்மையிலேயே அவ்வளவு பெரிய விசயமா?

பரந்தன் பெரியவர்

பிள்ளை, மாமா சொன்னதைக் கேள்.

2002இல் ஏ9 பாதை திறந்ததும் வவுனியாவில் ஒரு டொல்பின் ஹையேஸ், டொயோட்டா வான், வாங்கினேன். 2006 ஆவணியில் பாதை பூட்டும்வரை யாழ்ப்பாணம், வவுனியா என்று ஓயாமல் ஓடினேன். அப்போது ஏ9 எப்படிக் கிடந்தது என்று உன் வயதுக்காரருக்குத் தெரியாது. குழிக்குள் ரோட்டைத் தேட வேண்டும். அந்த வான் ஒரு நாள்கூட என்னை நடுவழியில் விட்டதில்லை. கழற்றினால் உள்ளே சாமானுக்குச் சாமான் ஜப்பான் என்று அடித்திருக்கும். இப்போது மருமகன் ஒரு சின்ன லொறி ஓடுகிறான், ஜப்பான் இல்லை. இரண்டு மாரி தாண்டவில்லை, முன் ஷொக் இரண்டும் போய்விட்டது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

கராஜ் 35

ஐயா, ஹையேஸ் நல்ல வாகனம்தான், அதில் தகராறு இல்லை. ஆனால் "ஜப்பான்" என்ற எழுத்தைப் பார்த்து முடிவெடுத்தால் ஏமாந்துபோவோம். தர்மபுரத்தில் நான் தினமும் பார்ப்பது இதைத்தான்.

போன வருடம் ஒருவர் வீல் பெயாரிங் தானே வாங்கிக்கொண்டு வந்தார். பெட்டி நிறைய ஜப்பான் எழுத்து, விலை மட்டும் பாதி. பூட்டாதீர்கள் என்றேன், கேட்கவில்லை. நாலாம் மாதம் உழவு மெசின் போல இரைந்துகொண்டு வந்து நின்றார். கழற்றிப் பார்த்தால் சீல் நெகிழ்ந்து கிரீஸுக்குள் செம்மண் புகுந்து, பசை அரைத்த மாதிரி இருந்தது. அது ஜப்பானும் இல்லை, இந்தியாவும் இல்லை. எங்கே செய்தது என்று செய்தவனுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. கார் கம்பெனி எல்லாச் சாமானையும் தானே செய்வதில்லை. 1997 மாசி முதலாம் திகதி ஜப்பானில் டொயோட்டாவுக்குச் சாமான் செய்யும் ஐசின் கம்பெனியின் தொழிற்சாலை ஒன்று தீப்பிடித்தது. அங்கே செய்தது பிரேக்குக்குப் போகும் ஒரு சின்ன வால்வு. அந்த ஒரு வால்வு இல்லாமல் டொயோட்டாவின் தொழிற்சாலைகள் ஜப்பான் முழுவதும் நாட்கணக்கில் படுத்துவிட்டன. டொயோட்டா என்று நாம் சொல்வது பல பேர் செய்த சாமான்களின் கூட்டு. அந்தச் சாமான் செய்கிறவர்கள் இன்று தாய்லாந்திலும் இந்தியாவிலும் தொழிற்சாலை வைத்திருக்கிறார்கள்.

சண்டை முடிந்த பிறகு தொண்டு நிறுவனக்காரர் வன்னி முழுக்க டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஓடினார்களே, அதைப் பற்றி யாரும் குறை சொன்னார்களா? அந்த ஹைலக்ஸின் பெரிய தளம் தாய்லாந்து. 2017இல் டொயோட்டா ஜப்பானியருக்கே தாய்லாந்தில் செய்த ஹைலக்ஸைத்தான் விற்றது. 2025இல் இதைவிடப் பெரிய கூத்து. சுசுகியின் ஐந்து கதவு ஜிம்னி இந்தியாவில் செய்யப்படுகிறது. அதை ஜப்பானில் விற்பனைக்கு அறிவித்ததும் நாலு நாளில் சுமார் 50,000 பேர் பதிந்து, கம்பெனியே "போதும்" என்று பதிவை நிறுத்த வேண்டி வந்தது. ஜப்பான்காரன் வரிசையில் நின்று இந்தியச் சாமான் பூட்டின காரை வாங்குகிறான். விசுவமடுவில் நாங்கள் மூக்கைச் சுளிக்கிறோம்.

பரந்தன் பெரியவர்

தம்பி, ஜப்பானுக்கு அனுப்புவதைப் பொறுக்கி அனுப்புவான். எங்களுக்கு வருவதும் அதுவும் ஒன்று என்று உனக்கு யார் சொன்னது? நல்ல தேங்காயைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டு ஒல்லித் தேங்காயை வீட்டுக்கு வைக்கும் ஊர் இது. மற்ற ஊர்களும் அப்படித்தான் இருக்கும்.

பனிக்குள் வன்னியான்

ரொறன்ரோவில் இருந்து எழுதுகிறேன், மல்லாவிதான் சொந்த ஊர்.

அமெரிக்காவில் புதுக்காரின் கண்ணாடியில் ஓர் ஒட்டு இருக்கும். சாமானில் எத்தனை வீதம் அமெரிக்கா, கனடாவில் செய்தது, என்ஜின் எந்த நாடு, கியர் எந்த நாடு என்று அதில் போட வேண்டும். 1992இல் கொண்டுவந்த சட்டம். கனடாவையும் அமெரிக்காவையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுவார்கள், அது வேறு கதை. அந்த வீதத்தைப் பார்த்துக் கார் எத்தனை வருடம் உழைக்கும் என்று சொல்ல முடியாது.

பெரியவருக்கு ஒரு கதை. கலிபோர்னியாவில் பிரேமொண்ட் என்ற இடத்தில் ஜெனரல் மோட்டர்ஸுக்கு ஒரு தொழிற்சாலை இருந்தது. வேலைக்கு வராமை, குடி, அரைகுறைப் பூட்டு என்று பெயர் கெட்டு 1982இல் மூடினார்கள். 1984இல் டொயோட்டாவோடு கூட்டுச் சேர்ந்து திறந்தார்கள். எடுத்த ஆட்களில் பெரும்பாலானோர் அந்தப் பழைய தொழிலாளர்களே. ஆனால் பிழை தெரிந்தால் எவரும் கயிற்றை இழுத்து வரிசையை நிறுத்தலாம் என்று முறையை மாற்றினார்கள். கொஞ்சக் காலத்தில் அங்கே செய்த கார் ஜப்பானில் செய்ததற்குச் சமமாக வந்துவிட்டது. நாடு அதே நாடு, கைகளும் அதே கைகள்.

அங்கே டொயோட்டா கொரோலாவும் ஜெனரல் மோட்டர்ஸ் விற்ற ஜியோ பிரிசமும் ஒரே கூரையின் கீழ்ச் செய்யப்பட்டன. பெயர்ப்பலகையைக் கழற்றினால் ஏறக்குறைய ஒரே கார். பழைய கார் விற்கும்போது கொரோலாவுக்கு ஒரு விலை, பிரிசத்துக்கு அதைவிடக் குறைந்த விலை. பெயரை வாங்கினவர்கள் கூடக் கொடுத்தார்கள், காரை வாங்கினவர்களுக்கு லாபம்.

பரந்தன் பெரியவர்

ரொறன்ரோவில் கார் நின்றால் போன் அடிப்பாய், இழுக்க லொறி வரும். ஒட்டுசுட்டான் காட்டுக்குள் இரவு நின்றால் யானைதான் வரும். அங்கே இருந்து பேசுவது சுகம்.

அதோடு நீயும் கராஜ் தம்பியும் சொல்லாமல் விட்ட ஒன்று இருக்கிறது. டக்காட்டா எயர் பாக். ஜப்பான் கம்பெனி, ஆனால் பையை ஊதவைக்கும் காற்றுக் குப்பி செய்தது அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும். வெடித்து ஆட்கள் செத்தார்கள். உலகம் முழுக்கச் சுமார் 10 கோடிக் குப்பிகளைத் திருப்பி எடுக்க வேண்டி வந்து, 2017இல் கம்பெனி வங்குரோத்து. ஜப்பானிலேயே செய்திருந்தால்?

கராஜ் 35

ஐயா நல்ல இடத்தில் பிடித்தீர்கள். ஆனால் அது உங்கள் பக்கம் பேசாது. அந்தக் குப்பிக்குள் அமோனியம் நைத்திரேற்று போடுவோம் என்று தீர்மானித்ததே அந்தக் கம்பெனிதான். ஈரத்தை உறிஞ்சும் மருந்தும் பெரும்பாலானவற்றில் வைக்கவில்லை. வருடக்கணக்காக வெக்கையும் ஈரமும் மாறிமாறிப் பட்டால் அது கெட்டு, எரிய வேண்டியது வெடிக்கும். எந்த ஊரில் செய்திருந்தாலும் உள்ளே அதே அமோனியம் நைத்திரேற்றுத்தான். வெக்கையும் ஈரமும் என்றால் எங்கள் ஊர்தானே. அதனால் தங்கச்சி, ஜப்பானில் ஓடி வந்த எந்தக் காரையும் வாங்கும் முன் சேஸ் இலக்கத்தைக் கம்பெனியின் இணையப் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். திருப்பி அழைக்கும் கடிதம் ஜப்பானில் இருந்த பழைய சொந்தக்காரருக்குப் போகும், விசுவமடுவுக்கு வராது.

தென்னந்தோப்பு

ஆண்கள் நாலு பேர் சேர்ந்தால் நாடுகளைப் பங்கு போடாமல் விடமாட்டீர்கள். நான் புதுக்குடியிருப்பு. அப்பா ஒஸ்ரின் ஏ40 வைத்து வாடகைக்கு ஓடினவர். இங்கிலாந்துக் கார். பொருளாதாரத் தடை இருந்த தொண்ணூறுகளில் அந்தக் காருக்கு இங்கிலாந்தில் இருந்து என்ன வந்தது? பெற்றோலும் வரவில்லை, பற்றறியும் வரவில்லை, உதிரிப்பாகமும் தடை. கடைச்சல் பட்டறையில் புஸ் கடைந்தார்கள். பழைய லொறி ரயரை வெட்டி ரப்பர் வைத்தார்கள். மண்ணெண்ணெயில் ஓடினார்கள். காலையில் குளிர் என்ஜின் மண்ணெண்ணெயில் பற்றாது, காபரேற்றருக்குள் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து, சூடானதும் மாற்றுவார் அப்பா. அந்தச் சொட்டுப் பெற்றோலைச் சேலைன் போத்தலில் நகை மாதிரி வைத்திருப்பார். எரியாத மண்ணெண்ணெய் வழிந்து ஒயிலைத் தண்ணியாக்கிவிடும், அதனால் ஒயிலை அடிக்கடி மாற்ற வேண்டும், ஒயிலும் கிடையாது.

அந்தக் கார் பிரசவத்துக்கு எத்தனை பேரை ஏற்றிப் போயிருக்கும் என்று கணக்கே இல்லை. அதற்குள் இருந்த இங்கிலாந்துச் சாமானை விரல்விட்டு எண்ணலாம். திறந்தால் கைக்கு எட்டும், கண்ணுக்குத் தெரியும், உடைந்தால் ஊரில் செய்யலாம். அதனால் ஓடியது. இப்போது வரும் காரில் எதை ஐயா கடைச்சல் பட்டறையில் செய்வீர்கள்?

கராஜ் 35

அக்கா சொன்னதுதான் எனக்கும். பழுது வராத கார் என்று ஒன்று இல்லை, வந்த பழுதை எத்தனை நாளில் திருத்தலாம் என்பதைத்தான் நான் பார்ப்பேன். தங்கச்சியின் இரண்டு காரையும் அப்படிப் பார்ப்போம்.

அல்டோ 800: 796 சிசி, கையால் மாற்றும் கியர் என்றால் அதில் ஒளித்து வைத்த வித்தை எதுவும் இல்லை. நாடு முழுக்க ஓடுவதால் கிளச் பிளேட், பிரேக் பாட், பில்டர் எல்லாம் கிளிநொச்சியிலேயே எடுக்கலாம். இல்லாததைக் கொழும்பில் பஸ்ஸில் போட்டுவிடச் சொன்னால் விடியக் கிளிநொச்சியில் இறங்கும். குறையும் சொல்கிறேன். தகரம் மெல்லியது, கிரவல் ரோட்டில் கதவு கிலுகிலுக்கும், ஏசி போட்டால் என்ஜின் மூச்சு வாங்கும்.

வாகன் ஆர்: 660 சிசி வகுப்பு, சிவிடி என்ற தானாக மாறும் கியர். ஓட்டச் சொகுசு, பெற்றோலும் மிச்சம், பூட்டு வேலை சுத்தம். இதில் ஐயா சரி. ஆனால் எனசார்ஜ் (வேகம் குறையும்போது மின்சாரம் சேமிக்கும்) வகை என்றால் முன் இடது சீற்றுக்குக் கீழே ஒரு லிதியம் பற்றறி இருக்கும். மாரியில் பாலத்துக்கு மேலால் தண்ணி பாயும்போது "போகலாம், போகலாம்" என்று இறக்குகிறவர்கள் எங்கள் ஆட்கள். அந்தத் தண்ணி முதலில் போய்ப் பார்ப்பது சீற்றுக்குக் கீழேதான். அடுத்தது, இந்தியாவிலும் வாகன் ஆர் இருக்கிறதே, சாமான் மலிவாக எடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். பெயர் ஒன்றுதான், அந்த வருடத்து இந்தியக் காரில் 1,000 சிசி என்ஜின், அது வேறு கார். ஜப்பான் காருக்குச் சாமான் எடுக்க சேஸ் இலக்கத்தின் முன் எழுத்து வேண்டும். எம்எச்34எஸ், எம்எச்44எஸ் என்று இருக்கும். "2015 வாகன் ஆர்" என்று மட்டும் சொன்னால் கடைக்காரர் கையில் அகப்பட்டதைத் தருவார்.

பரந்தன் பெரியவர்

சாமானுக்கு என்ன பஞ்சம்? கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போனால் கழற்றின ஜப்பான் சாமான் மலை போலக் கிடக்கிறது. புது இந்தியச் சாமானை விடப் பழைய ஜப்பான் சாமான் திறம்.

கராஜ் 35

கியர்பெட்டி, ஓல்டனேற்றர், கதவு என்றால் ஓம். ரப்பர் என்றால் இல்லை ஐயா. புஸ், பெல்ற், பிரேக் ஓஸ் எல்லாம் ஓடாமல் கிடந்தாலும் கிழடாகும். எந்த நாட்டு ரப்பரும் அப்படித்தான்.

பனிக்குள் வன்னியான்

பெரியவர், ஒரு ஹையேஸை வைத்து ஒரு நாட்டுக்கே சான்றிதழ் கொடுக்கிறீர்கள். அந்த வானுக்கு எத்தனை கிலோமீற்றருக்கு ஒயில் மாற்றினீர்கள்? மருமகன் லொறிக்கு எத்தனை கிலோமீற்றருக்கு மாற்றுகிறார், அதில் எவ்வளவு மணல் ஏற்றுகிறார்?

பரந்தன் பெரியவர்

வானுக்கு மாதம் தவறாமல் மாற்றினேன். மருமகனைப் பற்றிப் பொதுவெளியில் பேச வேண்டாம்.

குமுழமுனைக் காற்று

ஞாயிற்றுக்கிழமை கராஜ் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டையும் பார்த்தேன். அல்டோவைத் தூக்கி அடியில் பார்த்தார். இடது பக்கம் ஒரு போல் ஜொயின்ட் ஆட்டம், கிளச் பாதி தேய்ந்திருக்கிறது, என்ஜின் நல்லது. சொந்தக்காரர் ஒயில் மாற்றின திகதியையெல்லாம் பழைய கொப்பி ஒன்றில் எழுதி வைத்திருந்தார், கடைப் பற்றுச்சீட்டுகளும் நடுவில் மடித்துக் கிடந்தன.

வாகன் ஆர் பார்க்க அல்டோவை விட வடிவு, அதை மறைக்க மாட்டேன். ஒரு சுற்று ஓட்டியபோது இதுதான் வேண்டும் போலவும் இருந்தது. ஆனால் முன் சீற்றைக் கழற்றிக் கீழே பார்க்கலாமா என்று அண்ணை கேட்டதும் சொந்தக்காரர் முகம் மாறிவிட்டது. "ஜப்பான் சாமான் தம்பி, கழற்றிப் பழக்கம் இல்லை" என்றார்.

அல்டோவுக்கு முற்பணம் கொடுத்துவிட்டேன். மாமா இரண்டு நாளாகப் பேசவில்லை.

பரந்தன் பெரியவர்

நல்லாய் ஓடு பிள்ளை. ஒயிலை மறக்காதே.

கராஜ் தம்பிக்கு ஒன்று. வானுக்குக் கடைசியாகப் பூட்டின போல் ஜொயின்டின் பெட்டி கொட்டிலில் கிடந்தது, கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். முன்பக்கம் ஜப்பான் பெயர், அடியில் சின்ன எழுத்தில் தாய்லாந்து. சரி, தாய்லாந்தை ஒத்துக்கொள்கிறேன். இந்தியாவை இன்னும் இல்லை.

அந்த வாகன் ஆர் இன்னும் நிற்கிறதா? மருமகன் கேட்கச் சொன்னான்.

கராஜ் 35

நிற்கிறது ஐயா. சீற்றைக் கழற்ற விட்டால் மட்டும் காசை எடுக்கச் சொல்லுங்கள்.