புதுப்பிப்பு: ரிமோட்டில் கை பட்டுக் காசு போவதைத் தடுப்பது

காரைக்குடி வீட்டில் ஆச்சி ரிமோட்டை அமுக்க, சிங்கப்பூரில் மகன் கார்டில் பணம் போகிறது. இதைத் தடுக்க, வாங்கும்போது ரகசிய எண் (PIN, பின்) கேட்கும்படி வைக்கும் முறையைப் போன பதிவில் எழுதியிருந்தேன். அது ஸ்மார்ட் டிவிக்கு. டிடிஎச் பெட்டிக்கு அது போதாது.

டிடிஎச்சில் ரிமோட்டில் வாங்கும்போது பெரும்பாலும் ஓடிபி வராது. ஏற்கெனவே போட்ட ரீசார்ஜ் இருப்பிலிருந்தே கழியும். சமையல், பக்தி, பழைய படம் போன்ற கூடுதல் சேவைகள் பல, சில நாள் இலவசம் என்று தொடங்கிப் பிறகு தினமும் சில ரூபாய் பிடிக்கும். இருப்பு நிறைய இருந்தால் யாருக்கும் தெரியாது. ஆகவே மொத்தமாகப் போடாமல் மாதாமாதம் போடுங்கள். டிடிஎச் நிறுவனத்தில் பதிவு செய்த போன் எண் வீட்டைப் பார்த்துக்கொள்பவருடையதாக இருக்கட்டும். மிஸ்டு கால் கொடுத்துச் சேவையைத் தொடங்குவதும் நிறுத்துவதும் பெரும்பாலும் அந்த எண்ணிலிருந்துதான். சேனலைப் பார்க்காமல் தடுக்கும் பூட்டு வேறு, காசு கொடுத்து வாங்காமல் தடுக்கும் பூட்டு வேறு. பெட்டியோடு வரும் 0000, 1234 பின்களைப் பேரப்பிள்ளைகள் ஒரு நிமிஷத்தில் கண்டுபிடிப்பார்கள், மாற்றிவிடுங்கள்.

ஃபயர் டிவி ஸ்டிக் இருந்தால், பிரைம் வீடியோ கணக்கில் போட்ட பின்னை நம்பி விட்டுவிடாதீர்கள். ஸ்டிக்கின் அமைப்புகளில் பெற்றோர் கட்டுப்பாட்டைத் திறந்து, வாங்குவதற்கும் பின் கேட்கும்படி தனியாக வையுங்கள்.

படம் பார்க்கும் செயலியை டிவியிலிருந்து அழித்தால் மட்டும் சந்தா நிற்காது. யூபிஐ ஆட்டோபே (சந்தாப் பணம் தானாகப் பிடிக்கும் ஏற்பாடு) என்றால் பணம் கொடுக்கும் செயலியிலேயே ரத்து செய்யலாம். இந்தியக் கார்டு அல்லது யூபிஐ என்றால், பணம் பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு வரும் அறிவிப்பு கார்டோ கணக்கோ வைத்திருப்பவருக்குத்தான் போகும், ஆச்சிக்கு அல்ல.