கேமராவுக்கு முன்னால் முதன்முதலில் நின்ற அனுபவம்: சொல்லுங்கள், கேட்போம்

கோபுரப் பித்தன்

நான் தொடங்கி வைக்கிறேன், பிறகு உங்கள் கதைகளைச் சொல்லுங்கள். உபதேசம் மட்டும் வேண்டாம். "தன்னம்பிக்கையோடு பேசுங்கள்" என்று யாராவது எழுதினால், அடுத்த வீடியோவை அவர் வீட்டு வாசலில் வந்து எடுப்பேன்.

வார நாட்களில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கோபுரங்களைப் பற்றி வீடியோ எடுக்கிறேன். முதல் ஏழு வீடியோக்களில் என் முகம் கிடையாது. கோபுரம் தெரியும், குரல் கேட்கும், அவ்வளவுதான். அந்தக் குரலையும் வெளிப்பிரகாரத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத மூலையாகப் பார்த்து, தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு முணுமுணுத்துத்தான் பதிவு செய்வேன். 2022 டிசம்பரில் கோயில்களுக்குள் செல்பேசி கூடாது என்று உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டதும் அந்த மூலையும் போயிற்று. நியாயமான உத்தரவுதான். ஆனால் இனிமேல் தெருவில் நின்றுதான் பேசியாக வேண்டும் என்பது எனக்கு மட்டும் தனியாக விதித்த தண்டனை போல இருந்தது.

அப்படி முதலில் நின்ற இடம் ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்துக்கு எதிரே. காலை ஆறேகால் மணி. சொல்ல வேண்டியது இரண்டே வரி: பல நூறு ஆண்டுகள் மொட்டைக் கோபுரமாக நின்றது, 13 நிலைகளோடு 236 அடிக்கு எழும்பி 1987-இல் மகா சம்ப்ரோட்சணம் கண்டது. வீட்டில் இருபது முறை தடங்கலில்லாமல் சொல்லிப் பார்த்திருந்தேன். தெருவில் 'சம்ப்ரோ' வரைக்கும் வந்தது. அதற்கு மேல் நாக்கு ஒத்துழைக்கவில்லை. கைகள் வேறு. பிறந்தது முதல் என்னோடு இருக்கிற கைகள், சிவப்புப் புள்ளி எரிந்ததும் யாரோ இரவல் கொடுத்தவை போலத் தொங்கின. டியூஷனுக்குப் போகிற பையன்கள் இரண்டு பேர் சைக்கிளை நிறுத்திவிட்டு எனக்குப் பின்னால் வந்து கையசைத்தார்கள்.

ஒன்பதாவது முறையும் 'சம்ப்ரோ'வில் நின்றபோது, ஓரமாக உட்கார்ந்து துளசி மாலை கட்டிக்கொண்டிருந்த பூக்கார அம்மா தலை நிமிராமலே கேட்டார்.

"யாரிடம் பேசுகிறாய் தம்பி?"

"வீடியோ பார்ப்பவர்களிடம் அம்மா."

"அவர்கள் எங்கே?"

"பிறகுதான் பார்ப்பார்கள்."

"பிறகு பார்க்கப் போகிறவர்களிடம் இப்போதே ஏன் இப்படிக் கத்துகிறாய்? இங்கே வந்து என்னிடம் சொல். சம்ப்ரோட்சணம் வரவில்லையென்றால் கும்பாபிஷேகம் என்று சொல்லிவிட்டுப் போயேன், பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்."

டிரைபாடைத் தூக்கி அவருடைய கூடைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவரைப் பார்த்துச் சொன்னேன். ஒரே முறையில் முடிந்தது. அந்த வீடியோவில் என் பார்வை கேமராவுக்கு ஓர் அடி தள்ளி, கொஞ்சம் கீழ்நோக்கி இருக்கும். பார்த்தவர்களில் சிலர் நான் யாரைப் பார்க்கிறேன் என்று கேட்டார்கள். சொன்னால் நம்பவா போகிறார்கள்?

மாடித்தோட்டம்

உங்கள் பூக்கார அம்மாவைப் போல எங்கள் வீட்டில் என் அத்தை, அதாவது மாமியார். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முதலில் என் குரல்.

கத்தரிச் செடியில் மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் கலப்பதுதான் என் முதல் வீடியோ. எடுத்து முடித்துக் கேட்டால், மூக்கடைத்த பள்ளிச் சிறுமி ஒருத்தி பேசுகிறாள். செல்பேசியில்தான் கோளாறு என்று நினைத்துக் கணவருடையதில் எடுத்தேன். அதே சிறுமி. பிறகு வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, பீரோவைத் திறந்து புடவைகளுக்கு நடுவே தலையை நுழைத்துப் பேசிப் பார்த்தேன். எதிரொலி குறைந்தது. சிறுமி போகவில்லை.

பதினொன்றாம் வகுப்பு படிக்கிற மகள்தான் விளக்கினாள். நாம் பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டும் நம் காதுக்கு வருவதில்லை. மண்டையோட்டு எலும்பின் வழியாகவும் உட்காதுக்குப் போகிறது. எலும்பு வழியாக வருவதில் கீழ்ச்சுருதி தூக்கலாக இருக்கும், அதனால் நம் குரல் நமக்கு மட்டும் கனமாகக் கேட்கும். ஒலிப்பதிவில் அது கிடையாது. "அம்மா, நாங்கள் எல்லோரும் எப்போதும் கேட்கிற குரல் இதுதான்" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். இத்தனை வருடம் இந்தக் குரலிலா எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தேன் என்று எனக்கு இரண்டு நாள் தூக்கம் வரவில்லை.

இப்போது அத்தை. நான் மாடியில் தனியாகப் பேசுவதைக் கீழிருந்து கேட்டு, எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்து ஒருநாள் மேலே வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டுக் கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்தார். "இப்போது சொல், எவ்வளவு எண்ணெய்?" என்றார். "ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி, அத்தை" என்றேன். "மில்லி எல்லாம் எனக்குத் தெரியாது, கரண்டிக் கணக்கில் சொல்." ஒரு டீஸ்பூன் என்றேன். "எண்ணெயும் தண்ணீரும் எப்படிச் சேரும்?" அதற்குத்தான் இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் என்றேன். பதினைந்து நிமிடம் கேள்வி கேட்டார். அவர் கேள்விகளை வெட்டிவிட்டு என் பதில்களை மட்டும் ஒட்டினேன். அதுவரை போட்டதிலேயே ஒழுங்கான வீடியோ அதுதான்.

இப்போதெல்லாம் கேள்விகளை வெட்டுவதில்லை. வெட்டினால் அத்தைக்குக் கோபம் வருகிறது.

வால்வு ரேடியோ

தம்பி கோபுரப் பித்தனுக்கும் சகோதரிக்கும் வணக்கம். நான் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய வால்வு ரேடியோக்களைப் பழுது பார்ப்பது பொழுதுபோக்கு. அதை வீடியோவாக எடுக்கச் சொன்னது வெளிநாட்டில் இருக்கும் மகன்.

முதல் வீடியோவை அனுப்பிவைத்தேன். உடனே போன் செய்தான். "அப்பா, உடம்பு சரியில்லையா? படமெல்லாம் துடிக்கிறதே" என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பதற்றத்தில் மேசையை ஆட்டியிருக்கிறேன் என்று முடிவு செய்து, அடுத்த முறை மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தேன். மறுபடியும் அதே துடிப்பு. நிதானமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, துடித்தது நானல்ல. படத்தின் மீது கறுப்புப் பட்டைகள் ஊர்ந்து கொண்டிருந்தன. முப்பத்து நான்கு வருடம் மின்சாரத்தோடு வாழ்ந்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. சோக் வைத்த குழல்விளக்கு நொடிக்கு 100 முறை மங்கி எழும். செல்பேசியோ நொடிக்கு 30 படம் எடுக்கிறது. இரண்டுக்கும் தாளம் பொருந்தவில்லை. நொடிக்கு 25 படம், ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/50 நொடி என்று மாற்றினேன், பட்டைகள் போயின. பாதிப் பயமும் அவற்றோடு போயிற்று. பயம் என்று நாம் நினைப்பதில் எவ்வளவு குழல்விளக்கின் வேலை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது மூக்கு. கைக்கெட்டும் தூரத்தில் செல்பேசியை வைத்துப் பேசினேன். படத்தில் மூக்கு குடைமிளகாய் போல இருந்தது. கேமரா முகத்துக்கு அருகில் இருந்தால், முகத்தில் முன்னால் துருத்தி நிற்பது பெரிதாகும். 12 அங்குலத்தில் எடுத்த படத்தில், 5 அடியில் எடுத்ததைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டு எழுதியிருக்கிறார்கள். செல்பேசியை 5 அடி தள்ளி வைத்தேன். மூக்கு ஊருக்குத் திரும்பியது. குரல் தூரமாகிவிட்டது. அதற்காக ஒரு காலர் மைக் வாங்க வேண்டியதாயிற்று. ஒன்றைச் சரி செய்தால் இன்னொன்று கழன்றுகொள்வது ரேடியோவில் பழகியதுதான்.

இவ்வளவு செய்த பிறகும் முகம் என்னவோ கோணலாகவே பட்டது. பேசும்போது செல்பேசித் திரையில் தெரிகிற முகம் கண்ணாடியில் தெரிவது போல இடம் வலம் மாறியது. பதிவான வீடியோவில் அது நேராகிவிடுகிறது. என் வகிடு மறுபக்கம் போனது போலவும், கன்னத்து மச்சம் இடம் பெயர்ந்தது போலவும் இருந்தது. மனைவியிடம் காட்டி, "கோணலாக இல்லை?" என்று கேட்டேன். "இதுதானே உங்கள் முகம்? நாற்பது வருடமாக இதைத்தானே பார்க்கிறேன்" என்றார். இதை 1977-இலேயே அமெரிக்காவின் விஸ்கான்சினில் சோதித்திருக்கிறார்கள். அவரவர் படத்தில் அவரவருக்குப் பிடித்தது கண்ணாடி பிம்பம். அவர்களுடைய நெருங்கியவர்களுக்குப் பிடித்தது நேர்ப்படம். எது பழக்கமோ அதுதான் அழகு. என் மனைவிக்கு இந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

நான் யாரிடம் பேசுகிறேன் என்றால், ரேடியோவின் சொந்தக்காரரிடம். கொண்டுவந்து கொடுத்தவரின் பெயரை ஒரு சீட்டில் எழுதி லென்சுக்குக் கீழே ஒட்டிவிடுவேன். உள்ளே 250 வோல்ட் ஏறி நிற்கும் சேசிஸில், அதாவது வால்வுகளைத் தாங்கும் தகட்டுச் சட்டத்தில், கை வைத்திருக்கிறபோது முகம் எப்படி இருக்கிறது என்ற நினைப்பே வராது. இன்னொன்று: வால்வு சூடாகிச் சத்தம் வர அரை நிமிடம் ஆகும். நானும் அந்த வகைதான். முதல் அரை நிமிடம் வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டு, பிறகு அதை வெட்டிவிடுவேன்.

கை மட்டும்

எல்லோரும் முகம் காட்டுவதையே தேர்வில் தேறுவது போல எழுதுகிறீர்கள். நான் கோல வீடியோ எடுக்கிறேன். நான்கு வருடமாக என் கை மட்டும்தான் தெரியும். பயமா என்று கேட்கிறார்கள். இல்லை. ஒரே ஒரு முறை முகத்தோடு போட்டேன். இடைப்புள்ளி 15, 8 வரை வைக்கும் கோலம். சிக்கலான கோலம், மூன்று நாள் தாளில் போட்டுப் பழகியது. வந்த பின்னூட்டங்களில் கோலத்தைப் பற்றி இரண்டு. மற்றவை என் நிறம், என் வயது, கழுத்தில் தாலி இருக்கிறதா இல்லையா. அழித்துவிட்டேன். ஆண்களிடம் மூக்கின் அகலத்தைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை, அவர்களாகவே அளந்து கொள்கிறார்கள். (ரேடியோ ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம்.)

கைக்கும் கூச்சம் உண்டு என்பது தெரியுமா? முதல் வீடியோக்களில் மாவு இழை நடுங்கி நடுங்கி விழுந்திருக்கும். செல்பேசியை நேர்மேலே கட்டித் தொங்கவிட்டதில் அதன் நிழல் கோலத்தின் நடுவில் விழுந்து, எந்தப் புள்ளியில் இருக்கிறேன் என்பதே குழம்பிவிட்டது. விளக்கைப் பக்கவாட்டுக்கு மாற்றிய பிறகு சரியானது.

போன மார்கழியில் காய்கறிக் கடையில் சில்லறை கொடுக்கக் கை நீட்டினேன். பக்கத்தில் நின்ற பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை, மணிக்கட்டில் இருக்கிற பழைய எண்ணெய்ச் சூட்டுத் தழும்பைப் பார்த்தாள். "தாமரைக் கோலம் போடுவது நீங்கள்தானே அக்கா?" என்றாள். அன்றைக்கு எனக்கு வந்த கூச்சம், முகத்தோடு வீடியோ போட்ட அன்றுகூட வரவில்லை. புடவைத் தலைப்பால் கையை மூடிக்கொண்டேன்.

மூன்று வீடியோ

என்னிடம் மூன்று வீடியோக்கள் இருக்கின்றன. மூன்றும் என் செல்பேசியிலேயே இருக்கின்றன. ஒன்றில் ஒளி சரியில்லை, ஒன்றில் குக்கர் விசில், ஒன்றில் எல்லாம் சரியாக இருக்கிறது. அதுதான் அதிகம் பயமுறுத்துகிறது. உங்கள் எல்லோருடைய கதைகளையும் படித்தேன். நாளைக்குப் பார்க்கலாம்.

கோபுரப் பித்தன்

'மூன்று வீடியோ' நண்பரே, யூடியூபில் ஏறிய முதல் வீடியோவைப் பார்த்திருக்கிறீர்களா? 2005 ஏப்ரல் 23. அந்தத் தளத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஜாவேத் கரீம், சான் டியாகோ விலங்குக் காட்சிசாலையில் யானைகளுக்கு முன்னால் நிற்கிறார். யானைகளுக்குத் தும்பிக்கை மிக மிக நீளம் என்கிறார். 19 விநாடியில் முடிந்தது. சொல்வதற்கு அதற்கு மேல் அவரிடம் எதுவும் இல்லை. குக்கர் விசிலோடு இருக்கிறதே, அதைப் போடுங்கள்.

'கை மட்டும்' அக்கா சொன்னது சரி. நான் முகத்தைக் காட்டியது கோயிலுக்குள் செல்பேசி போக முடியாததால்தான். அதை வீரம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். என் முகத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை என்பதையும் இப்போதுதான் கவனித்தேன்.

ரேடியோ ஐயா, சீட்டு ஒட்டும் யோசனையைப் போன ஞாயிறே செய்து பார்த்தேன். மறுபடி ஸ்ரீரங்கம், அதே இடம். பூக்கார அம்மா அன்று வரவில்லை. பேத்திக்குக் காது குத்து என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அந்த அம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது. சீட்டில் "பூக்கார அம்மா" என்று மட்டும் எழுதி லென்சுக்குக் கீழே ஒட்டினேன். பதினான்கு முறை எடுக்க வேண்டியதாயிற்று.