கோல் ஹார்பர் மோதல்: கோபுரம் பார்த்துவிட்டது, அப்புறமும் ஏன் இடித்தது?

வடகரையான்:
2024 ஜூன் 8. கனடாவின் வான்கூவரில், கோல் ஹார்பர் துறைமுகத்தில் கிளம்பிக்கொண்டிருந்த ஹார்பர் ஏர் நிறுவனத்தின் பீவர் ரக ஸீப்ளேன் (தண்ணீரிலிருந்தே ஏறி இறங்கும் சிறு விமானம்) ஓர் உல்லாசப் படகில் மோதியது. யாரும் சாகவில்லை, படகில் இருந்தவர்களுக்குத்தான் அடி. என்னை உறுத்துவது வேறு. அந்தத் துறைமுகத்துக்கு விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்கிறது. கிரான்வில் ஸ்கொயர் கட்டடத்தின் உச்சியில், 140 மீட்டருக்கும் மேலே. அங்கிருந்த கன்ட்ரோலர் படகைப் பார்த்தார், விமானியிடமும் சொன்னார். இருந்தும் இடித்தது. விமானங்கள் கிளம்பும் பகுதிக்குள் படகுகள் வரவே கூடாது என்று தடை போட்டால் முடிந்தது. ஓடுபாதையில் கார் ஓட்ட விடுவார்களா?

துடுப்பு:
அது ஓடுபாதை இல்லை, கடல். கடல் மோதல் தடுப்பு விதிகளில் 18-ஆம் விதியைப் படியுங்கள். தண்ணீரில் இருக்கும் ஸீப்ளேன் பொதுவாக எல்லாக் கலங்களையும் விட்டு விலகி நிற்க வேண்டும், அவற்றின் போக்குக்கு இடைஞ்சல் செய்யக் கூடாது. பாய்மரப் படகு, மீன்பிடிப் படகு எல்லோருக்கும் பின்னால்தான் அது. விமானம் வருவதற்கு முன்பே படகுகள் இருந்த துறைமுகம் இது. பாதை காலியாக இல்லையென்றால் கிளம்பாதே, அவ்வளவுதான். டிக்கெட் விற்பவர்களுக்காக நாங்கள் ஏன் சுற்றிப் போக வேண்டும்?

வடகரையான்:
சட்டம் உங்கள் பக்கம் இருக்கலாம் துடுப்பு சார், ஆஸ்பத்திரிக்குப் போனது படகுக்காரர்கள்தானே?

மேகலா:
இரண்டு பேரும் விமானிக்கு எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். பீவரில் முன் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன். எஞ்சின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளியதும், சக்கரத்துக்குப் பதிலாக இருக்கும் மிதவைகளின் வால் அமுங்கி விமானத்தின் மூக்கு மேலே ஏறிவிடும். அந்தச் சில விநாடிகள் எதிரே எஞ்சின் மூடியும் வானமும்தான். வேகம் கூடி மிதவைகள் தண்ணீரின் மேல் வழுக்க ஆரம்பித்தபின்தான் மூக்கு இறங்கும், முன்னால் இருப்பது தெரியும். இதில் பிரேக்கும் கிடையாது. "பார்த்துப் போ" என்று கோபுரம் சொன்னால், எதைப் பார்ப்பது?

துடுப்பு:
அப்படியானால் த்ராட்டிலைத் தள்ளும் முன்பே பார்க்கட்டும். கன்ட்ரோலர்தான் படகு இருக்கிறது என்று சொல்லிவிட்டாரே!

சுக்கான்:
அவர் யாரிடம் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். விமானியிடம் மட்டும். படகுக்காரரிடம் சொல்ல அவருக்கு வழியே இல்லை. விமான ரேடியோ 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, ஏ.எம். கடல் ரேடியோ 156-க்கு மேலே, எஃப்.எம். இரண்டும் ஒன்றையொன்று கேட்காது. சின்ன உல்லாசப் படகுகள் பலவற்றில் ரேடியோவே இருக்காது. கோபுரத்தின் பேச்சு படகுகளைக் கட்டுப்படுத்தவும் செய்யாது. கிளம்புவதா வேண்டாமா என்பதும் விமானியின் பொறுப்பு என்றே விடப்படுகிறது. ஆக, ஆபத்தை முதலில் பார்த்தவரிடம் நிறுத்தும் அதிகாரம் இல்லை.

வடகரையான்:
அதைத்தானே நானும் சொல்கிறேன். அதிகாரம் கொடுங்கள். அலாஸ்காவின் ஆங்கரேஜில் லேக் ஹூட் இருக்கிறது, உலகிலேயே சுறுசுறுப்பான ஸீப்ளேன் தளம். அங்கே கோபுரம் சொல்லாமல் எதுவும் கிளம்பாது.

சுக்கான்:
லேக் ஹூட் விமான நிலையத்தோடு சேர்ந்த ஏரி ஐயா. அதை வைத்து ஒரு வணிகத் துறைமுகத்தை அளக்க முடியாது. கனடாவிலேயே இருக்கும் விக்டோரியா நகரைப் பாருங்கள். அங்கேயும் உள்துறைமுகம்தான், படகும் விமானமும் கலந்துதான் போகின்றன. ஆனால் படகுகளுக்குத் தனிப் பாதை குறித்திருக்கிறார்கள், உள்ளே பாய்மரத்தை விரித்து ஓட்டக் கூடாது. ஷோல் பாயின்ட், லாரல் பாயின்ட் போன்ற இடங்களில் வெள்ளை விளக்குகள் பளிச்சிட்டால், விமானம் இறங்கவோ ஏறவோ போகிறது என்று அர்த்தம். ரேடியோ இல்லாத படகுக்கும் தெரியும்.

துடுப்பு:
விளக்கு சரி, எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இன்றைக்கு விளக்கு, நாளைக்குத் தடை என்று போகும். அப்புறம் ஒரு சின்னப் படகை நகரத்துக்குள் கொண்டுவரவே முடியாது.

மேகலா:
கருவி வைத்தால் தீர்ந்தது என்றும் நினைக்காதீர்கள். 2019 மே 13, அலாஸ்காவின் கெட்சிகன் பக்கம் ஆட்டர் ரக ஸீப்ளேன் ஒன்றும் ஒரு பீவரும் நடுவானில் மோதி 6 பேர் இறந்தார்கள். இரண்டிலும் சொகுசுக் கப்பலில் வந்த பயணிகள். பக்கத்து விமானங்களைத் திரையில் காட்டும் வசதி இரண்டு விமானங்களிலும் இருந்தது. ஆனால் ஆட்டர் தன் உயரத்தை ஒலிபரப்பவில்லை, அதனால் பீவருக்கு எச்சரிக்கை எழவில்லை. ஆட்டரில் இருந்த கருவியோ புதுப்பித்தபின் எச்சரிக்கை ஒலி கொடுப்பதையே விட்டுவிட்டது. கண்ணால் பார்த்து விலகும் முறைக்கு எல்லை உண்டு என்று விபத்தை ஆராய்ந்த அமெரிக்க விசாரணை வாரியமே எழுதியது.

வடகரையான்:
சரி, முழுத் தடை வேண்டாம். கோபுரத்தில் இருப்பவர் கையில் அந்த விளக்கின் சுவிட்சைக் கொடுங்கள். விளக்கு எரியும்போது உள்ளே நுழைகிற படகுக்கு அபராதம்.

துடுப்பு:
படகு ஏற்கெனவே உள்ளே இருந்தால் விமானம் நிற்குமா? "நில்" என்று விமானிக்குச் சொல்லும் அதிகாரத்தையும் அதே விதியில் எழுதுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.