திறப்பை விழுங்கிய களி

இணுவில் தோட்டக்காரன்:

மண்ணிடம் ஏமாந்த கதை இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். என்னுடையது ஒரு மோட்டார் சைக்கிள் திறப்பில் (சாவியில்) தொடங்குகிறது.

நான் செம்மண்ணில் வளர்ந்தவன். மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் செருப்போடு தோட்டத்துக்குள் இறங்கலாம், தண்ணி அடியில் இருக்கிற சுண்ணாம்புக்கல்லுக்குள் போய்விடும். அந்த நினைப்போடுதான் போன ஆவணியில் பூநகரி வழியாக மன்னார்ப் பக்கத்து முருங்கனுக்குப் போனேன். மாமாவின் வயலில் பல வருடமாக உழாமல் விட்ட துண்டு ஒன்று, மாடு மேய்கிற வெறும் புல்தரை. இறங்கும்போது திறப்பு கையிலிருந்து நழுவியது. விழுந்த சத்தம் வரவில்லை.

குனிந்து பார்த்தால், காய்ந்த புல்லுக்கு நடுவே கை நுழைகிற அகலத்தில் வெடிப்பு. ஒரு தடியை விட்டுப் பார்த்தேன், தோள் வரைக்கும் போய்விட்டது. பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நைலோன் நூலில் கட்டியும் இறக்கினோம். வெடிப்பு பாதியில் வளைந்து போனதால் அதுவும் சரிவரவில்லை. கடைசியில் மாமா அலவாங்கோடு வந்தார். "மழைக்கு முதல் எடுத்தால்தான் உண்டு தம்பி" என்றார்.

மேலே இரண்டு விரல் தடிப்புக்குப் பொலபொலவென்று மணி மணியான மண். அதைத் தள்ளிவிட்டால் கல் மாதிரி, அலவாங்கு துள்ளித் திரும்பியது. முழங்கால் ஆழம் தாண்டியதும் கட்டிகள் ஆப்பு வடிவில் சரிவாகக் கழன்று வந்தன. ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அதன் முகம் மெழுகு பூசிய நிலம் மாதிரி மினுங்கியது, அதில் ஒரே திசையில் உரசல் கோடுகள். ஈரத்தில் வீங்கும்போது களிமண் களிமண்ணை நெருக்கி, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிய அடையாளம் அது. இடையிடையே குண்டுமணி அளவில் வெள்ளைச் சுண்ணாம்பு மணிகள்.

ஆனால் எனக்குப் பெரிய ஆச்சரியம் வேறு. இடுப்பளவு ஆழத்தில் ஒரு டொபி சுற்றிய தாள், பக்கத்தில் புல் வேர் எதுவுமில்லாமல் காய்ந்த புல் துண்டுகள். அதற்குக் கீழேதான் திறப்பு. கோடையில் மேல்மண் வெடிப்புக்குள் கொட்டுண்டுகொண்டே இருக்கிறது. மாரியில் வெடிப்பு மூடிக்கொள்ள, விழுந்தது உள்ளேயே கிடக்கிறது. வருடக்கணக்காக இப்படித் தன்னைத் தானே புரட்டுவதால்தான் குழியின் சுவரில் படை படையாக நிறம் மாறவில்லை. மேலிருந்து அடிவரை ஒரே கறுப்புச் சாம்பல்.

கறுப்பாக இருக்கிறதே, நல்ல உக்கல் மண்ணாக்கும் என்று நானும் நினைத்தேன். இல்லை, சேதனப் பொருள் குறைவுதான். வித்தையெல்லாம் களியின் வகையில். சிமெக்டைட் என்ற களிக்கனியம், தாள் அடுக்கிய மாதிரி மெல்லிய தகடுகள். தண்ணி இடையில் புகுந்தால் விரியும், போனால் சுருங்கும். எங்கள் செம்மண்ணில் அந்தக் குணமுள்ள களி பெரிதாக இல்லை. பள்ளிக்கூடத்தில் மண் வகைகளுக்கு 'முருங்கன், துணுக்காய்: குறுமுசோல்' என்று பாடமாக்கி எழுதிப் புள்ளி வாங்கினது இந்த வெடிக்கிற கறுப்புக் களியைத்தான்!

மேசன் தம்பி, சுன்னாகம்:

அண்ணை, உங்களுக்குத் திறப்பு, எனக்கு ஒரு வீடு. முருங்கனுக்குக் கிட்ட ஒப்பந்தத்துக்குக் கட்டினது. யாழ்ப்பாணத்தில் போடுகிற ஆழத்துக்கே அத்திவாரம் போட்டேன், பிழை என்னுடையதுதான். கார்த்திகையில் கதவு இறுகித் திறக்க மாட்டுதாம், ஆடியில் அதே கதவு ஆடுதாம். இரண்டாம் வருடம் யன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு. பூசினேன், திரும்ப வந்தது. இதில் ஒரு பகிடி: 1950இல் தொடங்கின காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் களி முருங்கனிலிருந்துதான் ரயிலில் வந்தது. சீமெந்துக்குள் போய் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கிற களி, வீட்டுக்குக் கீழே கிடந்தால் பிரிக்கிறது.

குயின்ஸ்லாந்தில் ஒரு யாழ்ப்பாணத்தான்:

இங்கே லோங்ரீச் பக்கம் வேலைக்குப் போனபோது இதே வெடிப்பைக் கண்டேன். கண்ணுக்கெட்டிய தூரம் மிச்சல் புல், மரம் அருமை. களி சுருங்கி வெடிக்கிறபோது மரத்தின் வேரையும் அறுத்துவிடும். ஈரம் இருந்தாலும் லேசில் விடாது, இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மிச்சல் புல் ஆழமாக வேர்விட்டுச் சமாளிக்கிறது. சில இடங்களில் நிலமே மேடும் பள்ளமுமாக அலை அடித்திருக்கும். அதற்கு இங்கத்தைய ஆதிக்குடிகளின் சொல் 'கில்காய்', சின்ன நீர்க்குழி என்று பொருள். அது சரி, மாரியில் திரும்பிப் போய்ப் பார்த்தீர்களா?

இணுவில் தோட்டக்காரன்:

மார்கழியில் ஒருக்காப் போனேன். முதல் மழைத் தண்ணி முழுவதும் வெடிப்பால் இறங்கியதாம். அப்புறம் வெடிப்பு மூடி, அடுத்த மழை எல்லாம் மேலேயே தேங்கிவிட்டது. தோண்டின குழியில் தவளை. வெடிப்பு எங்கே இருந்தது என்று காட்டச் சொன்னால் என்னால் காட்ட முடியாது. திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் போட்டு ஊசியால் குத்திக்கொண்டுதான் இறங்கினேன். இந்தமுறை போனது வலது கால் செருப்பு. மாமாவைக் கூப்பிட வெட்கமாக இருந்தது, விட்டுவிட்டு வந்துவிட்டேன்.