கேரவன் ஜென்செட் ஓடுது, கரண்ட் மட்டும் வரல: மீட்டர்ல 4 வோல்ட்

சின்னாறு_வழி:
டெம்போ டிராவலரைக் கேரவனா மாத்தின வண்டி. அடியில 5 கே.வி.ஏ. டீசல் ஜென்செட், சிங்கிள் பேஸ், 3000 ஆர்.பி.எம்., பிரஷ் (சுத்தற காயிலுக்குக் கரண்ட் குடுக்கற கார்பன் கட்டை) வெச்ச ஆல்டர்னேட்டர் (கரண்ட் உண்டாக்கற பகுதி), ஏ.வி.ஆர். (வோல்ட்டேஜைச் சீரா வெக்கற போர்டு) உண்டு. மழைக்காலம் பூரா தர்மபுரியில ஸ்டார்ட் பண்ணாமலே நின்னுச்சு. இப்ப ஒகேனக்கல்லுல நிக்குது. ரெண்டு கோளாறுங்க.

ஒண்ணு, இன்ஜின் சத்தம் சுத்தமா இருக்கு, ஆனா பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவுல 4 வோல்ட்தான். ரெண்டு, லாட்ஜ் லைன்ல பிளக்கைச் சொருகின உடனே லாட்ஜ் போர்டுல இருக்கற ஆர்.சி.சி.பி. (கரண்ட் லீக் ஆனா தானா அணையற சுவிட்ச்) விழுந்துடுது. வண்டிக்குள்ள இருக்கறது அசையறதே இல்ல. ஏ.சி., கீசர் எல்லாம் ஆஃப்ல இருந்தாலும் அப்படித்தான்.

பேட்டரி குடுத்து ஃபிளாஷ் பண்ணு, அதாவது ஆல்டர்னேட்டருக்குக் காந்தம் ஏத்துன்னு ஒருத்தர் சொல்றார், ஏ.வி.ஆரைத் தூக்கிப் போடுன்னு இன்னொருத்தர். எதை முதல்ல தொடறது?

காயில்_கட்டி:
ரெண்டும் இப்ப வேண்டாம் தம்பி. அந்த 4 வோல்ட்டே பாதி பதில் சொல்லிடுச்சு. ரோட்டர் (ஆல்டர்னேட்டருக்குள்ள சுத்தற பகுதி) இரும்புல மிச்சக் காந்தம் இருக்கறதாலதான் அது வருது. காந்தம் செத்திருந்தா 0 காட்டும், அப்பதான் ஃபிளாஷ். உங்களுதுல காந்தம் இருக்கு, ஃபீல்டுக்கு, அதாவது ரோட்டர் காயிலுக்கு, கரண்ட் போய்ச் சேரல. ரெண்டு மாசம் ஈரத்துல நின்ன செட்டுன்னா முதல் சந்தேகம் பிரஷ் மேலதான்.

இன்ஜினை நிறுத்தி, ஸ்டார்ட்டிங் பேட்டரியோட மைனஸைக் கழட்டுங்க. ஆல்டர்னேட்டர் பின்மூடியைத் திறந்தா பிரஷ் ஹோல்டர் தெரியும். எந்த ஒயர் பிளஸ், எது மைனஸ்னு போட்டோ எடுத்துட்டுக் கழட்டுங்க. கார்பனை விரலால அழுத்தி விட்டா ஸ்பிரிங் அதைச் சட்டுனு வெளிய தள்ளணும். கரித்தூளும் ஈரமும் சேர்ந்தா உள்ளயே ஒட்டிக்கிட்டு ஸ்லிப் ரிங்கை (பிரஷ் உரசற வளையம்) தொடாம நிக்கும். புதுசுல பாதிக்கு மேல தேஞ்சிருந்தா ரெண்டையும் சேர்த்தே மாத்திடுங்க.

ஸ்லிப் ரிங் செம்புக் கலர்ல இருக்கணும். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தா 400 நம்பர் உப்புத்தாளால சுத்திலும் லேசா தேய்ங்க. எமரித் துணி வேண்டாம், அதோட பொடி கரண்ட் கடத்தும்.

ஏ.வி.ஆர். கனெக்டரைப் பிடுங்கிட்டு ரிங்குக்கு ரிங் ஓம்ஸ் பாருங்க. இந்த சைஸ் செட்டுல பல பத்து ஓம் வரும், மாடலுக்கு மாடல் மாறும். ஓப்பன்னா ரோட்டர் காயில் அறுந்திருக்கு. ரிங்குக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவுல 500 வோல்ட் மெக்கர்ல (இன்சுலேஷன் பாக்கற மீட்டர்) 1 மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. குறைஞ்சா வெயில்லயோ பல்ப்பு சூட்டுலயோ காய வெச்சுட்டு மறுபடி பாருங்க.

இவ்வளவும் சரியா இருந்து அப்பவும் 4 வோல்ட்டே வந்தாத்தான் பேட்டரி டெஸ்ட். எம்.சி.பி. ஆஃப், ஏ.வி.ஆர். கழட்டினபடி இருக்கட்டும். 12 வோல்ட்டை ஒரு இண்டிகேட்டர் பல்ப்பு சீரியஸ்ல வெச்சு பிரஷுக்குக் குடுங்க, பிளஸ் மைனஸ் மாறக் கூடாது. பல்ப்பு பளிச்சுனு எரிஞ்சா ரோட்டர் ஷார்ட், அதோட நிறுத்திடுங்க. எரியாம இருந்தா செட்டை ஓட்டி அவுட்புட் பாருங்க. வோல்ட்டேஜ் நூறை ஒட்டி ஏறினா ரோட்டரும் மெயின் வைண்டிங்கும் நல்லா இருக்கு. குத்தம் ஏ.வி.ஆர்.லயோ அதுக்குக் கரண்ட் குடுக்கற எக்ஸைட்டிங் காயில்லயோ. ஏறலைன்னா வைண்டிங் கடைதான்.

தொப்பூர்_கணவாய்:
லாட்ஜ் விஷயம் தனிங்க, அதுக்கும் ஆல்டர்னேட்டருக்கும் சம்பந்தமில்ல. உங்க ஜென்செட் நியூட்ரலை வண்டி பாடியோட கட்டியிருப்பாங்க. செட்டுல ஓடும்போது அது வேணும், இல்லைன்னா லீக் ஆனாலும் வண்டிக்குள்ள இருக்கற ஆர்.சி.சி.பி. விழாது. ஆனா சேஞ்ச்ஓவர் (லாட்ஜ் லைனா ஜென்செட்டான்னு மாத்தற சுவிட்ச்) சிங்கிள் போல்னா பேஸ் மட்டும்தான் மாறும், நியூட்ரல் ரெண்டு பக்கமும் ஒட்டியே இருக்கும். லாட்ஜ்ல சொருகினதும் அவங்க நியூட்ரலும் எர்த்தும் உங்க வண்டியில போய் ஒண்ணு சேருது. நியூட்ரல்ல திரும்ப வேண்டிய கரண்ட்ல ஒரு பங்கு எர்த்ல ஓடுது. 30 மில்லி ஆம்பியருக்கு முன்னாடியே லாட்ஜ் ஆர்.சி.சி.பி. விழுந்துடும். நியூட்ரலைப் பாடியோட சேர்த்த கட்டு உங்க ஆர்.சி.சி.பி.க்கு முன்னாடி இருக்கு, அதான் உங்களுது அசையல.

பிளக்கைப் பிடுங்கி, செட்டையும் நிறுத்திட்டு, சேஞ்ச்ஓவரை இ.பி. (லாட்ஜ் லைன்) பக்கம் வெச்சு நியூட்ரலுக்கும் பாடிக்கும் கன்டினியூட்டி பாருங்க. பீப் வரக் கூடாது. ஜென்செட் பக்கம் தள்ளினா வரணும். ரெண்டு பக்கமும் பீப் வந்தா 2 போல் சேஞ்ச்ஓவர் போடுங்க, நடுவுல ஆஃப் இருக்கறதா, 32 ஆம்பியர். கட்டு செட் பக்கம் மட்டும் இருக்கட்டும்.

பிளக்குல எர்த் பின்னை வெட்டி விட்டா ட்ரிப் ஆகாதுன்னு சொல்ல ஆள் கண்டிப்பா வருவாங்க. கேக்காதீங்க. எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு ஈரக் காலோட வண்டிப் படியில கால் வெக்கறவங்க இருக்கற ஊரு அது. பாடியில கரண்ட் ஏறினா முதல்ல அடிக்கறது அவங்களைத்தான்.

சின்னாறு_வழி:
ஒரு பிரஷ் ஹோல்டருக்குள்ள சிக்கியிருந்துச்சு, ரிங் கறுப்பு. ரிங்குக்கு ரிங் 46 ஓம். தேச்சு மாட்டினதும் 229 வோல்ட், 52 ஹெர்ட்ஸ். சேஞ்ச்ஓவர் சிங்கிள் போலேதான், மாத்தியாச்சு, லாட்ஜ்ல விழல. ஆனா 1.5 டன் ஏ.சி.யோட கீசரும் ஓடினா 198க்கு இறங்குது. ஏ.வி.ஆர்.ல இருக்கற திருகைக் கொஞ்சம் ஏத்தி விடலாமா?

காயில்_கட்டி:
திருகைத் தொடாதீங்க. லோடு இருக்கும்போது ஹெர்ட்ஸ் என்ன? 49, 50ல நின்னு வோல்ட்டேஜ் மட்டும் இறங்கினா ஏ.வி.ஆர்., இல்ல எங்கயாவது சூடாகுற ஜாயின்ட். 47க்குக் கீழ போனா இன்ஜின் இழுக்கல. அதுல திருகை ஏத்தினா வேகம் குறைஞ்ச ரோட்டருக்கு இன்னும் கரண்ட் குடுத்து ஏ.வி.ஆரே எரியும். ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர் ரெண்டையும் பாருங்க, நின்ன வண்டியில தண்ணி இறங்கியிருக்கும். இன்ஜின் வேகத்தைச் சீரா வெக்கற கவர்னரைக் கடைசியாத் தொடுங்க.

தொப்பூர்_கணவாய்:
5 கே.வி.ஏ.ன்னா 0.8 பவர் ஃபேக்டர்ல 4 கிலோவாட்தான். கீசர் 2, ஏ.சி. ஏறக்குறைய 1.7, அதுபோக ஃப்ரிட்ஜ். கம்ப்ரஸர் கிளம்பற நேரத்துல கீசர் ஓடக் கூடாது. நிறுத்தும்போது லோடை எல்லாம் ஆஃப் பண்ணி ரெண்டு நிமிஷம் வெறுமனே ஓட்டிட்டு நிறுத்துங்க. லோடோட டீசல் தீர்ந்து நின்னா அந்த மிச்சக் காந்தமும் போயிட வாய்ப்பிருக்கு.