பொருள்: ‘ரிலேட்டிவ் ஏஜ் எஃபெக்ட்’ – தமிழில் என்ன சொல்லலாம்? (அவசரம்)

தும்பி எழுதியது:

நண்பர்களே, வணக்கம். சிறுவர் காற்பந்துப் பயிற்சியாளர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். நாற்பது பக்கம் ஓடிய வண்டி இந்தச் சொல்லில் வந்து நின்றுவிட்டது.

விஷயம் இதுதான். வயதுப் பிரிவுக்கான கணக்குத் தேதி ஜனவரி 1 என்றால், அன்று பிறந்த பையனும் அதே ஆண்டு டிசம்பர் 31-இல் பிறந்தவனும் ஒரே பிரிவு. பத்து வயதில் ஒரு வருடம் என்பது வாழ்ந்த காலத்தில் பத்தில் ஒரு பங்கு. மூத்தவன் உயரமாக, வேகமாக இருப்பான். தேர்வாளர் அதைத் திறமை என்று குறித்துக்கொள்வார். பிறகு அவனுக்கே நல்ல பயிற்சி, கூடுதல் ஆட்டம், தன்னம்பிக்கை. கடைசியில் நிஜமாகவே திறமைசாலி ஆகிவிடுவான். 1985-இல் கனடா உளவியலாளர் ராஜர் பார்ன்ஸ்லி குழுவினர் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை வைத்து இதை எழுதினார்கள். காற்பந்திலும் நாடு நாடாகக் கண்டிருக்கிறார்கள்.

‘சார்பு வயது விளைவு’ என்று போட்டேன். படித்துப் பார்த்த தோழி, “யாரைச் சார்ந்த வயது?” என்றாள். கூடவே ‘சோஷியல் பேக்ரவுண்ட்’டுக்கும் ஒரு சொல் வேண்டும்.

வேர்தேடி எழுதியது:

அன்புள்ள தும்பி, முதலில் ‘வயது’ வடசொல். நமக்கு ‘அகவை’ இருக்கிறது. அகவு என்றால் அழைத்தல், மயில் அகவும். அழைத்து அழைத்து எண்ணப்படுவதால் அகவை என்பது என் நெடுநாள் துணிபு. ‘அகம்’ வழியாக வந்தது என்பாரும் உளர், அது தனி மடல். செங்கீரைக்கு ஐந்தாம் மாதம், சப்பாணிக்கு ஒன்பதாம் மாதம் என்று பிள்ளைத்தமிழில் மாதக் கணக்காகப் பருவம் பிரித்தவர்கள் நாம். நமக்கா இதற்குச் சொல் இல்லை? என் பரிந்துரை: முற்பிறப்புப் பயன். சமூகப் பின்னணிக்கு ‘குடிப்பிறப்பு’.



ஒற்று எழுதியது:

ஐயா, இதைப் படிக்கும் பயிற்சியாளர் பரிகாரம் செய்யக் கிளம்பிவிடுவார். ‘பிறப்புமாத விளைவு’ என்று நேராகச் சொன்னால் என்ன? (கால்பந்தா காற்பந்தா என்று யாரும் தொடங்க வேண்டாம். புணர்ச்சி விதி எனக்கும் தெரியும்.)

களத்தடி எழுதியது:

நான் பிள்ளைகளுக்குப் பந்தாடக் கற்றுக்கொடுப்பவன், இலக்கணம் அரைகுறை. ஆனால் பிறப்புமாதம் என்றால் ஜோசியம்தான். மாதம் குற்றவாளி இல்லை, கணக்குத் தேதிதான். பெல்ஜியத்தில் 1997-இல் அந்தத் தேதியை ஆகஸ்ட் 1-இலிருந்து ஜனவரி 1-க்கு மாற்றினார்கள். அதுவரை ஆகஸ்ட், செப்டம்பரில் பிறந்த பையன்கள் அதிகம் தேறினார்கள். மாற்றிய பிறகு ஜனவரி, பிப்ரவரிக்காரர்கள். மாதத்துக்கே சக்தி இருந்தால் எப்படி இடம் மாறும்? இங்கிலாந்தில் பள்ளி ஆண்டை ஒட்டி செப்டம்பர் 1. அங்கே செப்டம்பர்க்காரன்தான் ராஜா.

என் குழுவில் ஒருவன் டிசம்பர் கடைசியில் பிறந்தவன். சட்டை முழங்காலைத் தொடும். பந்து வருவதற்கு முன்பே தோளுக்கு மேலே ஒருமுறை திரும்பிப் பார்த்துவிடுவான். குழுவில் வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. தேர்வுக்கு வந்தவர் அவன் பெயருக்கு நேரே எழுதியது ஒரே சொல்: ‘சின்னப்பையன்’. அவன் அதை எட்டிப் பார்த்துவிட்டான். அடுத்த வாரத்திலிருந்து பந்து கேட்டுக் கை தூக்குவதையே நிறுத்திவிட்டான்.

குடிப்பிறப்பு வேண்டவே வேண்டாம் ஐயா. ரத்தத்தில் வந்தது என்று அர்த்தம் ஆகிவிடும். கையேடு கேட்பது, மாலையில் பிள்ளையைக் கூட்டிவர வீட்டில் ஆள் இருக்கிறதா, தேய்ந்த ஷூவை மாற்ற முடிகிறதா, தோற்ற அன்று யார் பேசுகிறார்கள் என்பதைத்தான்.

ஒற்று எழுதியது:

பெல்ஜியத்துக்கு நன்றி, பிறப்புமாதத்தை வாபஸ் வாங்குகிறேன். ‘மாதமூப்பு’ எப்படி? மூப்பு என்றாலே இன்னொருவரோடு ஒப்பிட்டுத்தான். ‘சார்பு’ தனியாகத் தேவையில்லை. சமூகப் பின்னணிக்கு ‘வளர்சூழல்’. வினைத்தொகை, வளர்ந்த, வளர்கிற, வளரும் சூழல் மூன்றும் அடக்கம்.

வேர்தேடி எழுதியது:

மூப்பு முதுமையல்லவா? பத்து வயதுப் பையனுக்கு மூப்பா?

ஒற்று எழுதியது:

‘பணிமூப்பு’ முப்பது வயதுக்காரருக்கும் உண்டே ஐயா.

ஐயப்பாடு எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பந்திக்கு முந்து என்பார்களே, ‘பந்தி விளைவு’ என்று வைக்கலாம். முந்தியவனுக்கு இலை நிறைகிறது. உள்ளவனுக்கே மேலும் சேர்வதற்கு மத்தேயு நற்செய்தியை வைத்து 1968-இல் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் ‘மத்தேயு விளைவு’ என்று பெயர் வைக்கவில்லையா? சரி, விளையாட்டுக்குச் சொன்னேன்.

மாதமூப்பில் எனக்கு நிஜமான மறுப்பு ஒன்று உண்டு. உடல் முதிர்ச்சி வேறு, மாதக் கணக்கு வேறு. டிசம்பர்க்காரனுக்கு முன்னதாகவே மீசை அரும்பலாம், ஜனவரிக்காரன் பதினைந்திலும் குட்டையாக இருக்கலாம். அதனால்தான் இங்கிலாந்தின் பிரீமியர் லீக் அகாடமிகளில் வயதை விட்டு, உடல் முதிர்ச்சிப்படி சேர்த்து ஆடவிட்டும் பார்த்தார்கள். மூப்பு, முதிர்ச்சி இரண்டும் ஒரே பக்கத்தில் வந்தால் வாசகர் குழம்புவார்.

களத்தடி எழுதியது:

குழம்பட்டும், விளக்கிக்கொள்ளலாம். பெற்றோரிடம் ‘மாதமூப்பு’ என்றேன், ஓர் அம்மா உடனே, “அப்போ என் பையன் மாத இளையவனா?” என்றார். சார்பு வயதைச் ‘சார்பு அகவை’ ஆக்கிச் சொன்னபோது அதே அம்மா தலையை மட்டும் ஆட்டினார். இன்னொன்று: வடிகட்டலில் தப்பிப் பிழைக்கும் கடைக்குட்டிகள் பிற்பாடு மூத்தவர்களை முந்துவதுண்டு என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ‘மூத்தது மோழை, இளையது காளை’ என்ற பழமொழி நம்மிடம் இருக்கிறதே, அந்த அத்தியாயத்துக்குத் தலைப்பாக வைக்கலாம்.

தும்பி எழுதியது:

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது. மாதமூப்புக்கு நால்வர், சார்பு அகவைக்கு இருவர், பந்திக்கு ஒருவர் (அவரே). உடல் முதிர்ச்சி வரும் இடங்களில் ‘உடல் வளர்ச்சி’ என்று மாற்றிவிட்டேன். வளர்சூழலும் போட்டாயிற்று. ‘மாதமூப்பு விளைவு’ என்றே அனுப்பிவிட்டேன். பதிப்பாசிரியர் ஓரத்தில் குறித்து அனுப்பியிருக்கிறார்: “இது முதியோர் பற்றிய நூலா?”

வேர்தேடி எழுதியது:

நான் அப்போதே சொன்னேன். இருக்கட்டும். ‘விளைவு’ என்பதே எனக்கு உடன்பாடில்லை. விளைதல் வயலுக்கு உரியது. விரிவாக நாளை எழுதுகிறேன்.