புதுப்பிப்பு: ரோமர் 12:2 வாசித்தும் மனம் புதிதாகவில்லை என்று கேட்டிருந்தேன்

பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பைபிளில் ரோமருக்குப் பவுல் எழுதிய கடிதத்தில் 'உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்' என்று வரும் அந்த வசனத்தைத் தினமும் வாசித்தும் மேலாளர்மேல் உள்ள எரிச்சல் போகவில்லை என்பதுதான் என் கேள்வி.

மனப்பாடம் செய்யும் யோசனை எனக்கு உதவவில்லை. வாய் சொல்லும், மனம் வேறெங்கோ போகும். பினாங்கு அக்கா ஒருவர் சொன்னதுதான் பலித்தது: 2-ஆம் வசனத்தோடு நிற்காமல் அதிகாரத்தின் 21 வசனங்களையும் ஒரே மூச்சில் வாசிப்பது. காலையில் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையம் போகும் எல்ஆர்டி ரயிலில் வாசிக்கிறேன். 9-ஆம் வசனத்திலிருந்து செய்யவேண்டியவை வரிசையாக வருகின்றன: மாயமற்ற அன்பு, உபசரிப்பு, தீமைக்குத் தீமை செய்யாமை. சரி, மனம் மாறட்டும் என்று காத்திருக்காமல் ஒன்றைச் செய்யத் தொடங்கலாம் என்று பட்டது.

எதிர்பாராதது 18-ஆம் வசனம். எல்லாரோடும் சமாதானம், ஆனால் 'உங்களாலானமட்டும்' என்கிறார் பவுல். மேலாளர் அப்படியேதான் இருக்கிறார். அவர் பேசியதை வீட்டில் மறுபடி ஓட்டிப் பார்ப்பது மட்டும் குறைந்திருக்கிறது. 20-ஆம் வசனம், பசித்த சத்துருவுக்குச் சாப்பாடு, இன்னும் கைவரவில்லை. நாசி லெமாக் வாங்கிக் கொடுக்கலாமா?